வரையாட்டைத் தேடி மலையேறுவோருக்கு

1877-இல் நீலகிரியின் வேட்டைக்காரர்கள் கூடி ஒரு சங்கம் அமைத்தார்கள். மலையில் கடமானும் வரையாடும் கண்ணில் படுவதே அரிதாகி வந்தது. சுட்டவர்களுக்கே கவலை பிறந்துவிட்டது. இரண்டு ஆண்டு கழித்து, 1879-இல், நீலகிரி வேட்டை விலங்குகள், மீன்கள் பாதுகாப்புச் சட்டம் வந்தது. அந்தச் சங்கம் இன்று நீலகிரி வனவிலங்கு மற்றும் சுற்றுச்சூழல் சங்கம் என்ற பெயரில் இயங்குகிறது. மூணாறு பக்கத்து இரவிகுளத்தின் கதையும் ஏறக்குறைய இதுதான். தேயிலைத் தோட்ட அதிகாரிகள் தங்கள் வேட்டைக்கென்று ஒதுக்கி வைத்திருந்த புல்மலை அது. 1975-இல் சரணாலயமாகி, 1978-இல் தேசியப் பூங்கா ஆனது.

இன்று தமிழ்நாட்டில் வரையாட்டை நோக்கித் துப்பாக்கி தூக்க எவருக்கும் உரிமை இல்லை. ஆனால் அந்தக் கால வேட்டைக்காரர் கற்றிருந்த வித்தைகள் வீணாகிவிடவில்லை. காற்றுப் பார்ப்பது, சரிவைக் கண்ணால் அலசுவது, அசையாமல் உட்கார்ந்திருப்பது ஆகிய எல்லாம் பார்க்கப் போகிறவருக்கும் வேண்டும். வேட்டைக்காரருக்கு ஒரு நொடி போதும். பார்க்கப் போகிறவரோ மந்தையைக் கலைக்காமல் நெருங்கி, கலைக்காமல் இருந்து, கலைக்காமலே திரும்பியாக வேண்டும். அதனால் அவருக்குத்தான் இந்த வித்தை கூடுதலாகத் தேவை.

தென்னேரி, வாலாஜாபாத், உத்திரமேரூர் வட்டாரத்திலிருந்து முதன்முறையாக உயர்மலைக்குக் கிளம்புகிறவரை மனதில் வைத்து இந்த அத்தியாயம் எழுதப்பட்டது. ஏரிக்கரையும் வயலுமாகப் பழகிய காலும் கண்ணும் இரண்டாயிரம் மீட்டர் உயரத்துக்கு எப்படித் தயாராவது என்பதிலிருந்து தொடங்கி, அனுமதி, மூட்டை, மலையில் செய்ய வேண்டியவை, ஆபத்துகள் என்று வரிசையாகப் பார்க்கலாம்.

## முதலில் சட்டம்

1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வரையாட்டை முதல் அட்டவணையில் வைத்திருக்கிறது. அதைக் கொன்றால் மூன்று முதல் ஏழு ஆண்டு வரை சிறை. அபராதம் குறைந்தது 25,000 ரூபாய்.

பலருக்குத் தெரியாத செய்தி ஒன்று உண்டு. அந்தச் சட்டத்தில் ‘வேட்டை’ என்பது கொல்வதை மட்டும் குறிப்பதில்லை. பிடிப்பது, கண்ணி வைப்பது, துரத்துவது, தீனி காட்டி இழுப்பது, இவற்றுக்கு முயல்வது எல்லாமே வேட்டைதான். படம் எடுப்பதற்காகக் கூச்சலிட்டு மந்தையை ஓட்டுகிறவரும், பிஸ்கட் நீட்டி அருகே அழைக்கிறவரும் எந்த எல்லையில் நிற்கிறார்கள் என்பதை இதிலிருந்தே தெரிந்துகொள்ளலாம். 2023 ஜனவரியில் பொள்ளாச்சி – வால்பாறைச் சாலையில் வரையாட்டின் கொம்பைப் பிடித்துப் படம் எடுத்துக்கொண்ட இருவரை வனத்துறை கைது செய்தது. அவர்கள் கையில் ஆயுதம் ஏதும் இல்லை.

கவனிக்க: மலையூர்களில் எவராவது ‘மான்கறி கிடைக்கும்’ என்று காதில் ஓதினால் அந்த இடத்தை விட்டு உடனே நகர வேண்டும். வாங்குவதும் வைத்திருப்பதும் குற்றம்.

## எந்த விலங்கு, எப்படி அடையாளம் காண்பது

வரையாடு. தமிழ்நாட்டின் மாநில விலங்கு. மேற்குத் தொடர்ச்சி மலையில் மட்டுமே வாழ்கிறது. பெரும்பாலும் 1,200 மீட்டருக்கு மேல், புல்வெளியும் செங்குத்துப் பாறையும் சேர்ந்திருக்கும் இடங்களில் காணலாம். புல்வெளி மேய்வதற்கு, பாறை தப்புவதற்கு. இரண்டில் ஒன்று இல்லாத இடத்தில் தேடிப் பயனில்லை. பெண் ஆடு சாம்பல் கலந்த பழுப்பு நிறம். வளர்ந்த கிடாவின் உடல் கறுத்து, முதுகில் வெள்ளிச் சேணம் போட்டாற்போல் வெளிறிய பட்டை தெரியும். கிடாவின் எடை நூறு கிலோவை எட்டும். பெண் ஏறக்குறைய அதில் பாதிதான். ஆண், பெண் இரண்டுக்குமே பின்னோக்கி வளைந்த கொம்பு உண்டு. ஆகவே கொம்பை மட்டும் பார்த்து ‘கிடா’ என்று குறித்துவிடக் கூடாது.

கடமான். தென்மாவட்டங்களில் மிளா என்பார்கள். புல்வெளியும் சோலைக்காடும் சந்திக்கும் ஓரத்தில் விடியற்காலையும் அந்தியிலும் நிற்கும். ஆபத்தை உணர்ந்தால் முன்காலால் தரையைத் தட்டி, உரத்த ஒற்றைக் குரல் கொடுக்கும். அந்தக் குரல் கேட்டால் அருகே புலியோ சிறுத்தையோ செந்நாயோ இருக்கலாம். குரல் வந்த பக்கம் போகாமல் வழிகாட்டியின் பக்கத்தில் நின்றுவிட வேண்டும்.

## எங்கே போவது?

எளிதான இடத்தில் தொடங்கிக் கடினமான இடத்துக்குப் போவதுதான் முறை. மூன்று படிகள் இவை.

முதல் படி – ஆழியாறு, வால்பாறைச் சாலை. நாற்பது கொண்டை ஊசி வளைவுகள் கொண்ட மலைப்பாதை. ஒன்பதாவது வளைவில் இருக்கும் லோம்ஸ் காட்சிமுனையைச் சுற்றியுள்ள பாறைகளில் வரையாடு அடிக்கடி தென்படும். நடை அதிகம் இல்லை. குழந்தைகளையும் முதியவர்களையும் அழைத்துப் போகலாம். வண்டியைக் காட்சிமுனையில் மட்டுமே நிறுத்த வேண்டும். வளைவில் நிறுத்திக் கதவைத் திறப்பது எதிரே வரும் பேருந்துக்கும் ஆட்டுக்கும் ஆபத்து.

இரண்டாம் படி – இரவிகுளம், ராஜமலை. ஆனைமுடியின் (2,695 மீட்டர்) அடிவாரப் புல்வெளி. கேரள வனத்துறையின் பேருந்தில் ஏறிப் போய், போட்டிருக்கும் பாதையில் நடக்கலாம். மனிதருக்குப் பழகிய மந்தைகள் இங்கே உண்டு என்பதால் வயது, பால் வேறுபாடுகளைக் கற்றுக்கொள்ள இதைவிட நல்ல இடம் கிடையாது. குட்டி ஈனும் காலமான பிப்ரவரி, மார்ச்சில் பொதுவாக மூடிவிடுவார்கள்.

மூன்றாம் படி – நீலகிரியின் மேற்கு விளிம்பு. அவலாஞ்சி, பார்சன்ஸ் பள்ளத்தாக்கு, முக்குருத்தி சார்ந்த மலைகள். தமிழ்நாடு வன அனுபவக் கழகம் 2024 அக்டோபரில் தொடங்கிய ‘டிரெக் தமிழ்நாடு’ திட்டத்தில் 14 மாவட்டங்களில் 40 நடைபாதைகள் அறிவிக்கப்பட்டன. அவலாஞ்சி – கோலாரிபெட்டா, பார்சன்ஸ் பள்ளத்தாக்கு – முக்குருத்தி குடில் ஆகிய பாதைகள் அந்தப் பட்டியலில் இருக்கின்றன. இங்கே பழகிய மந்தை கிடையாது. நாள் முழுக்க நடந்தும் ஒன்றுகூடக் கண்ணில் படாமல் போகலாம். அதற்கு மனதைத் தயார் செய்துகொண்டவரே இந்தப் படிக்கு வரலாம்.

வால்பாறைக்கு மேலே இருக்கும் புல்மலை வரையாட்டின் முக்கிய வாழிடம். பொதுமக்களுக்குத் திறந்த இடம் அல்ல. ‘தெரிந்தவர் மூலமாக உள்ளே விடுகிறேன்’ என்று எவர் சொன்னாலும் ஏற்கக் கூடாது.

## எப்போது போவது?

- டிசம்பர் முதல் ஜனவரி நடு வரை: வானம் தெளிவு, புல் பசுமை. ஆனால் கடுங்குளிர், அவலாஞ்சி போன்ற பள்ளங்களில் உறைபனி விழும்.
- ஜனவரி கடைசி முதல் மார்ச் வரை: குட்டிகள் பிறக்கும் காலம். தாயும் குட்டியும் நிம்மதியாக இருக்க வேண்டிய மாதங்கள். இக்காலத்தைத் தவிர்ப்பதே மரியாதை.
- பிப்ரவரி நடு முதல் ஏப்ரல் நடு வரை: காட்டுத்தீ காலம். தமிழ்நாட்டு நடைபாதைகள் பொதுவாக மூடப்படும்.
- ஏப்ரல் கடைசி, மே: பாதைகள் திறக்கும். கோடைக் கூட்டம் அதிகம். வார நாளில் போவது நல்லது.
- ஜூன் முதல் ஆகஸ்ட் வரை: தென்மேற்குப் பருவமழை. கிடாக்கள் இணைதேடி மோதுவது இந்த மழைக்காலத்தில்தான். ஆனாலும் புதியவர் போகக் கூடாது. 2019 ஆகஸ்டில் அவலாஞ்சியில் ஒரே நாளில் 82 சென்டிமீட்டர் மழை கொட்டியது.

## ஊரிலேயே தொடங்கும் பயிற்சி

மலையில் தடுமாறுகிறவர்கள் பெரும்பாலும் ஊரில் பயிற்சி எடுக்காதவர்கள். புறப்படும் நாளுக்கு ஆறு வாரம் முன்பே தொடங்கிவிட வேண்டும்.

1. முதல் இரண்டு வாரம் – சமநடை. தென்னேரி ஏரிக்கரையில் வாரத்துக்கு நான்கு நாள், ஒவ்வொரு முறையும் ஒரு மணி நேரம். மலைக்குப் போட இருக்கும் அதே காலணியுடன் நடக்க வேண்டும். புதுக் காலணி தரும் கொப்புளம் ஊரில் வந்து ஊரிலேயே ஆறட்டும்.
2. மூன்றாம், நான்காம் வாரம் – ஏற்றம். சமவெளி நடை தொடையைப் பழக்காது. திருக்கழுக்குன்றத்து மலைக்கோயிலுக்கு ஐந்நூறுக்கும் மேற்பட்ட படிகள் உண்டு. வாரம் ஒருமுறை நிதானமாக ஏறி இறங்கலாம். இறங்கும்போது முழங்கால் வலித்தால் அதை அலட்சியம் செய்யாமல் மருத்துவரிடம் காட்டவும்.
3. ஐந்தாம் வாரம் – சுமை. ஐந்து கிலோ மூட்டையுடன் அதே நடை, அதே படி.
4. ஆறாம் வாரம் – கண். விடியலில் ஏரிக்கரையில் உட்கார்ந்து, எதிர்க்கரையை இடமிருந்து வலமாகப் பட்டை பட்டையாகப் பைனாகுலரில் அலசவும். கொக்கு, நாரை எத்தனை என்று மூன்று முறை தனித்தனியாக எண்ணிக் குறிக்கவும். மூன்று எண்ணிக்கையும் நெருங்கி வரும் வரை பயிற்சி தொடர வேண்டும். நவம்பர் முதல் மார்ச் வரை என்றால் வேடந்தாங்கலும் கரிக்கிலியும் இதற்கு ஏற்ற இடங்கள்.

இதயக் கோளாறு, ஆஸ்துமா, உயர் ரத்த அழுத்தம் உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்காமல் மூன்றாம் படிக்குப் போகக் கூடாது.

## மூட்டையில் என்ன இருக்க வேண்டும்?

பைனாகுலர். 8×42 என்று எழுதியிருப்பது புதியவருக்குப் போதும். முதல் எண் எத்தனை மடங்கு பெரிதாகக் காட்டும் என்பதையும், இரண்டாவது எண் முன்கண்ணாடி எத்தனை மில்லிமீட்டர் அகலம் என்பதையும் குறிக்கும். பத்து மடங்குக்கு மேல் போனால் கைநடுக்கமும் சேர்ந்து பெரிதாகத் தெரியும். கழுத்துவார் கட்டாயம்.

உடை. ஜீன்ஸ் வேண்டாம், நனைந்தால் காயவே காயாது, உடம்புச் சூட்டை உறிஞ்சிவிடும். சீக்கிரம் காயும் உள்சட்டை, அதன்மேல் கம்பளி அல்லது பிளீஸ், எல்லாவற்றுக்கும் மேலே மழைக்கோட்டு என்று மூன்று அடுக்கு. நிறம் பழுப்பு, சாம்பல், மங்கிய பச்சை. வெள்ளையும் சிவப்பும் வேண்டாம். மூட்டைக்குள் ஒரு ஆரஞ்சுத் துணி மட்டும் மடித்து வைத்திருக்கவும். வழி தவறினால் பிறர் கண்ணில் படுவதற்கு அது உதவும்.

காலணி. ஆழமான பள்ளம் வெட்டிய அடிப்பாகம், கணுக்காலை மூடும் உயரம். செருப்பு, மழமழப்பான கேன்வாஸ் ஷூ இரண்டும் கூடாது.

மற்றவை. எவர்சில்வர் தண்ணீர் பாட்டில் (நீலகிரியில் பிளாஸ்டிக் குடிநீர் பாட்டிலுக்குத் தடை), அட்டை ஏறாத நீள் காலுறை, தலையில் மாட்டும் டார்ச், விசில், முதலுதவிப் பை, வழக்கமாகச் சாப்பிடும் மருந்து, பவர் பேங்க், குறிப்பேடு, பென்சில். நனைந்த தாளில் பேனா எழுதாது.

உணவு. புளிச்சோறு, சப்பாத்தி, கடலை மிட்டாய், பேரீச்சை. வாசனை குறைவாக, கையால் உடனே எடுத்துச் சாப்பிடும்படி இருக்க வேண்டும். அடுப்பு, தீப்பெட்டி, சிகரெட் எதுவும் மலைக்கு வரக் கூடாது.

சிறு உத்தி: ஒரு சின்ன டப்பாவில் திருநீறு எடுத்துக்கொள்ளவும். ஒரு சிட்டிகையைக் காற்றில் விட்டால், முகத்துக்குத் தெரியாத மெல்லிய காற்றுகூட எந்தப் பக்கம் போகிறது என்று தெரிந்துவிடும்.

## அனுமதியும் பயண வரிசையும்

1. பாதையைத் தேர்ந்ததும் ‘டிரெக் தமிழ்நாடு’ இணையதளத்தில் அது திறந்திருக்கிறதா, எளிது, நடுத்தரம், கடினம் என்ற பிரிவுகளில் எதில் வருகிறது என்று பார்க்கவும். பழைய பயணக் குறிப்புகளை நம்பிப் புறப்படக் கூடாது. பாதைகள் மழைக்கும் தீக்கும் ஏற்ப மூடித் திறக்கின்றன.
2. அடையாள அட்டை, அவசரத் தொடர்பு எண் கொடுத்து முன்பதிவு செய்யவும். ஒப்புதல் தாளை அச்செடுத்துக் கையில் வைத்திருக்கவும். மலையில் செல்போன் சிக்னலை நம்ப முடியாது.
3. ரயிலில் போவதானால் சென்னை சென்ட்ரலில் இரவு கிளம்பும் நீலகிரி எக்ஸ்பிரஸ் காலையில் மேட்டுப்பாளையம் சேர்க்கும்; அங்கிருந்து அரசுப் பேருந்தில் ஊட்டி. சொந்த வண்டி என்றால் இ-பாஸ் வேண்டும். சென்னை உயர் நீதிமன்ற உத்தரவின்படி 2024 மே 7 முதல் நீலகிரிக்கும் கொடைக்கானலுக்கும் இந்த விதி நடப்பில் வந்தது.
4. மலைப்பாதையில் வாந்தி வருகிறவர்கள் வயிறு நிறையச் சாப்பிடாமல், பேருந்தின் முன்பகுதியில் உட்கார்ந்து, தூரத்துச் சாலையைப் பார்த்துக்கொண்டே போகவும்.
5. போய்ச் சேர்ந்த நாளில் நடைப்பயணம் வேண்டாம். ஒரு இரவு ஊட்டியிலோ அருகிலோ தங்கி, உயரத்துக்கும் குளிருக்கும் உடம்பைப் பழக்கவும்.
6. எந்தப் பாதை, எத்தனை மணிக்குத் திரும்புவது, வராவிட்டால் யாரை அழைப்பது என்று வீட்டாரிடம் எழுதிக் கொடுத்துவிட்டுக் கிளம்பவும்.
7. வனத்துறை அமர்த்திய வழிகாட்டியுடன் மட்டுமே நடக்கவும். இவர்களில் பலர் மலையிலேயே பிறந்து வளர்ந்த பழங்குடி இளைஞர்கள். ‘அண்ணா, இன்றைக்குக் காற்று எப்படி, ஆனை எந்தப் பக்கம்?’ என்று முதலிலேயே கேட்டுவிட்டால் பாதி வேலை முடிந்தது.

## மலையில்: கண்டுபிடித்துக் கவனிக்கும் வரிசை

1. காலையில் முந்திக்கொள்ளவும். வரையாடு காலையிலும் பிற்பகலிலும் மேயும். நடுப்பகலில் பாறை இடுக்கில் படுத்து அசைபோடும். அனுமதித்த நேரங்களில் ஆக முந்தியதைத் தேர்ந்தெடுப்பதே சரி.

2. காற்றைப் பார்க்கவும். இரவில் குளிர்ந்த காற்று பள்ளத்தை நோக்கி இறங்கும். வெயில் ஏறிச் சரிவு சூடானதும் காற்று மேல்நோக்கித் திரும்பும். மனித வாடை மந்தையின் பக்கம் போகாத இடமாகப் பார்த்து உட்கார வேண்டும். பாதையை விட்டு விலக அனுமதி இல்லை. அந்தப் பாதையிலேயே எந்த வளைவில் நிற்பது என்று தீர்மானிக்கத்தான் இந்தக் கணக்கு.

3. வானவிளிம்பில் நிற்க வேண்டாம். மலைமுகட்டில் ஒரு தலை தெரிந்தாலும் ஒரு கிலோமீட்டர் தள்ளியிருக்கும் ஆடுகூடப் பார்த்துவிடும். முகடு வருவதற்குச் சற்று முன்பே குனிந்து, உட்கார்ந்து, பாறை ஓரமாக எட்டிப் பார்க்கவும்.

4. முதலில் வெறுங்கண், பிறகு பைனாகுலர். எதிர்ச்சரிவு முழுவதையும் ஒருமுறை மேலோட்டமாகப் பார்த்துவிட்டு, மேலிருந்து கீழாகப் பட்டைகளாகப் பிரித்துக்கொள்ளவும். ஒரு பட்டையை முடிக்காமல் அடுத்ததற்குத் தாவக் கூடாது. முழு ஆடு தெரியும் என்று காத்திருந்தால் ஏமாற்றமே மிஞ்சும். புல்லின் மேல் ஒரு கிடைக்கோடு போலத் தெரியும் முதுகு, சட்டென்று அசையும் காது, வளைந்த நிழலாகக் கொம்பு என்று துண்டு துண்டாகத்தான் முதலில் தெரியும். பாறையின் அடியும் புல்லின் விளிம்பும் சேரும் கோட்டை இருமுறை பார்க்கவும்.

5. ஒன்று தெரிந்தால் மற்றவற்றைத் தேடவும். மந்தை மேயும்போது தலை தூக்கிப் பார்த்துக்கொண்டிருக்கும் ஆடு பெரும்பாலும் ஒரு பெண். அதன் பார்வை எந்தப் பக்கம் என்று கண்டுகொண்டால் எப்போது நகரலாம், எப்போது உறைந்து நிற்க வேண்டும் என்று தெரியும்.

6. நகர்வதானால் மெல்ல, நேராக வேண்டாம். காவல் ஆடு குனியும்போது சில அடி. தலை தூக்கினால் நிறுத்தம். மந்தையை நோக்கி நேரே நடந்தால் அதற்கு அது துரத்தல்தான். பாதையோடு பக்கவாட்டில் செல்வதையே அது பொறுத்துக்கொள்ளும்.

7. நிறுத்த வேண்டிய அறிகுறிகள். எல்லாத் தலையும் ஒரே திசையில் நிமிர்வது, முன்காலைத் தட்டுவது, சீழ்க்கை போன்ற எச்சரிக்கை ஒலி, மேய்ச்சலை விட்டுப் பாறையை நோக்கி ஒன்றுசேர்வது. இதில் ஒன்று நடந்தாலும் அங்கேயே உட்கார்ந்துவிடவும். ஐந்து நிமிடத்தில் மேய்ச்சல் திரும்பாவிட்டால் வந்த வழியே பின்வாங்க வேண்டும்.

8. போதுமென்று எழவும். அரைமணி நேரம் பார்த்தது நல்ல பேறு. எழுந்து கைதட்டி விடைபெறும் வழக்கம் சிலரிடம் இருக்கிறது. அதை அடியோடு விட்டுவிட வேண்டும். மந்தை மேய்ந்துகொண்டிருக்கும்போதே திரும்புகிறவர்தான் இந்தக் கலையைக் கற்றவர்.

## புதியவர்கள் அடிக்கடி செய்யும் தவறுகள்

கேமராவை முதலில் எடுப்பது. லென்ஸ் வழியே தேடினால் மலையின் ஒரு துணுக்குதான் தெரியும். கண், பைனாகுலர், கடைசியாகக் கேமரா என்பதே வரிசை.

செல்பி தூரம் வரை போவது. ராஜமலையிலும் ஒன்பதாம் வளைவிலும் ஆடு தானாகவே அருகே வரும். அப்போது ஓரமாக ஒதுங்கி வழிவிட வேண்டும். மனிதர் தரும் உப்பும் தின்பண்டமும் அதைச் சாலைக்கு இழுக்கும். சாலையில் வண்டி அடிக்கும்.

வாசனை. அத்தர், சென்ட், கொசுவிரட்டி மருந்து எல்லாம் வாடையைப் பல மடங்காக்கும்.

கூட்டம். நான்கு பேருக்கு மேல் சேர்ந்தால் பேச்சு தானாக வரும். பெரிய குழு என்றால் இரண்டாகப் பிரிந்து, ஒவ்வொன்றுக்கும் ஒரு வழிகாட்டியுடன் இடைவெளி விட்டு நடக்கவும்.

ட்ரோன். காப்புக்காட்டில் அனுமதியின்றிப் பறக்கவிடுவது சட்டத்துக்குப் புறம்பு. மிரண்ட மந்தை செங்குத்துச் சரிவில் குட்டிகளோடு ஓட நேரும்.

## ஆபத்துகளும் தற்காப்பும்

தீ. 2018 மார்ச் 11 அன்று தேனி மாவட்டம் குரங்கணி மலையில், கொழுக்குமலையிலிருந்து இறங்கிக்கொண்டிருந்த மலையேற்றக் குழுக்கள் காட்டுத்தீயில் சிக்கின. இருபதுக்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். காய்ந்த புல், செங்குத்துச் சரிவு, பலத்த காற்று மூன்றும் சேர்ந்தால் தீ மனிதரை முந்திவிடும். இந்தத் துயரத்துக்குப் பிறகுதான் தமிழ்நாடு அரசு அதே ஆண்டு மலையேற்ற ஒழுங்குமுறை விதிகளைக் கொண்டுவந்தது. புகை தெரிந்தவுடன் திரும்ப வேண்டும். தீ மேல்நோக்கி வேகமாக ஏறும். ஆகவே தீக்கு மேலே ஓடுவது மிகப் பெரிய தவறு. பக்கவாட்டில் விலகி, புல் இல்லாத பாறைப்பரப்பையோ ஏற்கெனவே எரிந்து தணிந்த நிலத்தையோ அடையவும். நைலான் உடை தோலோடு உருகி ஒட்டும் என்பதையும் நினைவில் வைக்கவும்.

மூடுபனி. பத்து நிமிடத்தில் பாதை மறையும். நடையை நிறுத்தி, எல்லோரும் ஒருவரையொருவர் தொடும் தூரத்தில் உட்கார்ந்து, விலகும் வரை காத்திருக்கவும். வரையாடு வாழும் இடம் என்றாலே பக்கத்தில் பாறை விளிம்பு உண்டு. தனியாகப் பிரிந்தவர் விசிலை மும்மூன்று முறை ஊத வேண்டும்.

குளிர். நனைந்த உடையும் காற்றும் சேர்ந்தால் பத்து டிகிரியிலேயே உடம்பு விறைக்கும். நடுக்கம், குழறும் பேச்சு, தடுமாறும் நடை ஆகியவை அடையாளம். ஈர உடையைக் களைந்து உலர்ந்ததைப் போர்த்தி, சர்க்கரை கலந்த சூடான பானம் கொடுக்கவும். சாராயம் சூடு தரும் என்பது பொய். அது உடம்புச் சூட்டை வேகமாக இழக்க வைக்கும்.

யானையும் காட்டுமாடும். வழிகாட்டி கை தூக்கினால் அந்த நொடியே நிற்கவும். கூச்சல், பிளாஷ், கல்லெறிதல் கூடாது. தனித்து நிற்கும் ஆண் காட்டுமாடு பார்க்கச் சாதுவாக இருக்கும், நெருங்கினால் முட்டும். வழியை அதற்கு விட்டுக்கொடுத்து, போன பிறகே நகரவும்.

அட்டை. பிய்த்து இழுத்தால் காயம் பெரிதாகும். நகத்தை அதன் வாய்ப்பக்கமாக நுழைத்துப் பக்கவாட்டில் தள்ளினால் விட்டுவிடும். கடிவாயைச் சோப்பால் கழுவிச் சற்று நேரம் அழுத்திப் பிடிக்கவும். திரும்பி வந்த இரண்டு வாரத்துக்குள் காய்ச்சல் வந்தால் மலைக்குப் போனதை மருத்துவரிடம் சொல்ல மறக்கக் கூடாது. புல்லில் இருக்கும் உண்ணிப்பூச்சிகள் பரப்பும் காய்ச்சலும் உண்டு.

மின்னல். இடி கேட்டால் முகட்டையும் தனிமரத்தையும் விட்டு இறங்கவும்.

அவசர உதவி எண் 112. சிக்னல் உள்ள கடைசி இடம் எது என்று ஏறும்போதே குறித்துக்கொள்வது நல்லது.

## வெளிநாட்டில் இருக்கும் தமிழருக்கு

நியூசிலாந்தில் குடியேறிய உறவினர்கள் அங்கே மலைவேட்டைக்குப் போகலாமே என்று கேட்பதுண்டு. அங்கே கதை வேறு. வௌவால் தவிர நிலத்துப் பாலூட்டி எதுவும் இயற்கையாக இல்லாத தீவுகள் அவை. இமயமலை வரையாடு 1904-இல் கொண்டுபோய் விடப்பட்டது. ஷாமோய் என்னும் ஐரோப்பிய மலையாடு 1907-இல் ஆஸ்திரியப் பேரரசர் பிரான்ஸ் யோசப்பின் அன்பளிப்பாக வந்தது. மேய்ச்சலுக்குப் பழகாத மலைத்தாவரங்களை இவையும் அங்கே கொண்டுவரப்பட்ட மான்களும் தின்று தீர்த்ததால், எண்ணிக்கையைக் குறைக்க வேட்டை தேவைப்படுகிறது. 1993-ஆம் ஆண்டுத் திட்டம் இமயமலை வரையாட்டுக்குப் பத்தாயிரம் என்ற உச்சவரம்பு வைத்தது.

அங்கே போவோருக்குத் துப்பாக்கி உரிமம், இயற்கைப் பாதுகாப்புத் துறையின் அனுமதிச் சீட்டு இரண்டும் கட்டாயம். இலக்கு இன்னதென்று ஐயமின்றித் தெரியும் வரை விசையில் விரல் வைக்கக் கூடாது என்பது முதல் விதி. மழையில் பொங்கும் ஆற்றைக் கடக்க முயல்வது அந்த மலைகளில் உயிரைப் பறிக்கும் செயல். வெள்ளம் வடியும் வரை குடிலிலேயே காத்திருக்க வேண்டும். இமயமலை வரையாடும் நம் வரையாடும் பெயரளவில்தான் உறவு. 2005-இல் வெளியான மரபணு ஆய்வு நம்முடையதைச் செம்மறி இனத்துக்கு நெருக்கமான தனிப்பேரினமாக வகைப்படுத்தியது.

## பார்த்ததைக் குறித்து வைத்தல்

தமிழ்நாடு அரசு 2022 டிசம்பரில் 25 கோடி ரூபாய்க்கு மேல் ஒதுக்கி நீலகிரி வரையாட்டுத் திட்டத்தை அறிவித்தது. 1975-இலேயே இந்த விலங்கை ஆராய்ந்த இ.ஆர்.சி. தாவீதார் பிறந்த அக்டோபர் 7 ஆண்டுதோறும் வரையாட்டு நாளாகக் கொண்டாடப்படுகிறது. 2024-இல் நடந்த ஒருங்கிணைந்த கணக்கெடுப்பில் தமிழ்நாட்டில் 1,031 ஆடுகள் எண்ணப்பட்டன. 2025-இல் கூடுதல் இடங்களும் சேர்க்கப்பட்ட கணக்கெடுப்பில் எண்ணிக்கை 1,303. ஒவ்வொரு மந்தையையும் யாரோ ஒருவர் பாறையோரம் உட்கார்ந்து, வயதும் பாலும் பிரித்து எண்ணியதால் கிடைத்த எண்கள் இவை.

பயணியின் குறிப்பேட்டிலும் அதே ஒழுங்கு இருக்கலாம்:

1. நாள், நேரம், பாதையின் பெயர், வானிலை.
2. மொத்த எண்ணிக்கை. ஐந்து நிமிட இடைவெளியில் இரண்டு முறை எண்ணி, இரண்டையும் எழுதவும்.
3. வெள்ளிச் சேணக் கிடா, இளங்கிடா, பெண், ஓராண்டுக் குட்டி, இவ்வாண்டுக் குட்டி என்ற பிரிவு. தெரியாவிட்டால் ‘தெரியவில்லை’ என்றே எழுதவும், ஊகம் வேண்டாம்.
4. என்ன செய்துகொண்டிருந்தது, மனிதரைக் கண்டு மேய்ச்சலை நிறுத்தியதா.
5. நொண்டல், கட்டி, கழுத்தில் கம்பி போன்ற எதையாவது பார்த்தால் அன்றே வழிகாட்டி மூலம் வனச்சரக அலுவலகத்துக்குத் தெரிவிக்கவும். கண்ணிக்கம்பி கண்ணில் பட்டால் தொடாமல் இடத்தை மட்டும் குறித்துச் சொல்லவும்.

படத்தைப் பகிரும்போது செல்போனின் இருப்பிடப் பதிவை முன்கூட்டியே அணைத்துவிட வேண்டும். பெரிய கொம்புக் கிடா எந்த முகட்டில் நிற்கிறது என்று ஊருக்கே அறிவித்தால் அதைக் கண்ணி வைக்கிறவரும் படிப்பார். ஐநேச்சுரலிஸ்ட் போன்ற தளங்கள் அருகிவரும் விலங்குகளின் துல்லியமான இடத்தைத் தாமாகவே மறைத்துவிடுகின்றன. அங்கே பதிந்தால் ஆய்வாளருக்குத் தகவலும் கிடைக்கும், விலங்குக்குப் பாதுகாப்பும் கிடைக்கும்.

வீடு திரும்பிய வாரத்திலேயே காலணிச் சேற்றையும் விதைகளையும் மலைக்கு வெளியே கழுவி, பைனாகுலரை உலர்த்தி, குறிப்பேட்டைத் தெளிவாகப் படியெடுத்து வைக்கவும். முதல் படியில் மூன்று மந்தைகளையேனும் வயது பிரித்து எண்ண முடிந்தவர் இரண்டாம் படிக்குப் பதிவு செய்யலாம். இரவிகுளம் ஏப்ரலில் திறந்ததும், பிறந்து சில வாரங்களே ஆன குட்டிகளுடன் மந்தைகள் ராஜமலைப் புல்லுக்கு இறங்கியிருக்கும்.